ஏழாவது அத்தியாயத்தைத் தேடி இங்கிலாந்துல ஆறு நாள்

நாள் 1 – லண்டன், சோஹோ

முதல்லயே சொல்லிடறேன், இது ஊர் சுத்திப் பாக்குற ட்ரிப் இல்ல, ஆபீஸ் ட்ரிப்பும் இல்ல. மத்தவங்க செஞ்ச ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுறதுதான் என் வேலை. ஆஸ்பத்திரி, விவசாயம், இன்ஜினியரிங், குடிதண்ணி, எது வேணா வரும். எல்லாமே நாளைக்கு ஒருத்தர் கையில போய்ச் சேரணும்னு செய்யுற ஆராய்ச்சி, பயன்பாட்டு ஆராய்ச்சின்னு பேரு. எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் ஏழாவது அத்தியாயம் "கற்ற பாடங்கள்"தான். பதினோரு வருஷமா அதை எழுதுறேன், எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடம்: சம்பந்தப்பட்டவங்களை ஆரம்பத்துலயே சேத்துக்கணும், பயிற்சி கொடுக்கணும், நிதி நேரத்துக்கு வரணும். காப்பி பேஸ்ட்தான், மறைக்க என்ன இருக்கு.

இப்போ ஒரு ரிப்போர்ட் அந்த ஏழாவதுலயே நின்னுபோச்சு. காசநோய்க்காரங்க தினம் மாத்திரை போடுறதை ஞாபகப்படுத்துற ஒரு போன் ஆப், 40 பேர்கிட்ட சோதிச்சப்போ அபாரமா வேலை செஞ்சுது, பெருசா எடுத்துட்டுப் போனதும் படுத்துடுச்சு. ஏன்னு யாருக்கும் தெரியல, எனக்கும் எழுத வரல. லீவு மிச்சம் இருந்துச்சு, பாடம்னு உலகமே சொல்ற இடங்களை நேர்ல போய் நின்னு பாத்துடலாம்னு கிளம்பிட்டேன். தினம் ராத்திரி ரூமுக்கு வந்து எழுதுறதா ப்ளான், தப்பு இருந்தா அடுத்த நாள் திருத்திக்கிறேன்.

இன்னிக்கு ப்ராட்விக் ஸ்ட்ரீட். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ்ல இறங்கி நடந்தா கொஞ்ச தூரம்தான். 1854ல இதுக்குப் பேரு ப்ராட் ஸ்ட்ரீட். ஆகஸ்ட் 31 ராத்திரி காலரா ஆரம்பிச்சு முதல் மூணு நாள்ல 127 பேர் போயிட்டாங்க, மொத்தம் 616. ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர் வீடு வீடா விசாரிச்சு, செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தத் தெரு பம்புல தண்ணி எடுத்தவங்கன்னு காட்டினார், செப்டம்பர் 8ம் தேதி பம்போட கைப்பிடியைக் கழட்டினாங்க. இப்போ அங்க ஒரு மாதிரி பம்பு வெச்சிருக்காங்க, கைப்பிடி இல்லாம. எதிர்ல அவர் பேர்ல ஒரு பப். பாவம், மனுஷன் மதுவுக்கு எதிரா இருந்தவர்.

வழக்கமா இந்தக் கதையை எப்படிச் சொல்வாங்கன்னா, மேப் போட்டார், புள்ளி வெச்சார், பம்பு மாட்டிக்கிச்சு, கைப்பிடி போச்சு, காலரா நின்னுச்சு. நடந்தது அப்படி இல்ல. தண்ணியாலதான் காலரான்னு அவர் 1849லயே எழுதியாச்சு, அந்தப் பிரபலமான மேப் அவர் கைப்பிடியைக் கழட்டச் சொன்னப்போ இல்ல, அப்புறம் அந்த வருஷக் கடைசியில வந்தது. கைப்பிடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சாவு குறைய ஆரம்பிச்சிருச்சு, ஏன்னா பாதி ஜனம் ஊரை விட்டே ஓடிட்டாங்க, இதை ஸ்னோவே ஒத்துக்கிட்டிருக்கார். எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே அந்த ஒத்துக்கிட்டதுலதான். நாங்க எழுதுற ரிப்போர்ட்ல "எங்க நடவடிக்கைக்கு முன்னாடியே குறைஞ்சிடுச்சு"ன்னு ஒரு வரி வந்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

அவரோட நிஜமான பலம் சாகாதவங்களைத் தேடிப் போனது. பக்கத்துல போலண்ட் ஸ்ட்ரீட்ல ஏழைகள் விடுதி, 535 பேர் இருந்தாங்க, செத்தது 5 பேர்தான், அவங்களுக்குத் தனிக் கிணறு. பம்பு இருந்த ப்ராட் ஸ்ட்ரீட்லயே ஒரு மதுபான ஆலை, எழுபது தொழிலாளிங்க, ஒருத்தருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல, ஏன்னா அவங்க பம்புப் பக்கமே போகல, ஆலையில கொடுக்குற பீர்தான் குடிச்சாங்க. தூரத்துல ஹாம்ப்ஸ்டெட்ல ஒரு அம்மா மட்டும் செத்துட்டாங்க, விசாரிச்சா அந்தம்மா முன்னாடி இந்தத் தெருவுல இருந்தவங்களாம், தண்ணி ருசி பிடிச்சுப்போய் தினம் வண்டியில வரவழைச்சுக் குடிச்சாங்களாம்.

இன்னொருத்தரைச் சொல்லியே ஆகணும். ஹென்றி வைட்ஹெட், அந்தப் பகுதி சர்ச் பாதிரியார். ஸ்னோ சொல்றது தப்புன்னு நிரூபிக்கத்தான் இவர் இறங்கினார். எல்லா வீட்டுலயும் இவருக்குப் பழக்கம், அதனால ஸ்னோவுக்குக் கிடைக்காத பதில் எல்லாம் இவருக்குக் கிடைச்சுது, கடைசியில 40ம் நம்பர் வீட்டுக் குழந்தையோட துணியை அலசின தண்ணி கிணத்துக்குப் பக்கத்துல இருந்த மலக்குழியில போய் விழுந்ததை இவர்தான் கண்டுபிடிச்சார். தப்புன்னு காட்ட வந்த மனுஷன், அவர்தான் ஆதாரத்தை முழுசாக்கினது.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, கைப்பிடியைத் திருப்பி மாட்டிட்டாங்க! அரசாங்க சுகாதாரக் குழு ஸ்னோ சொன்னதை ஏத்துக்கவே இல்ல, கெட்ட காத்துதான் காரணம்னு எழுதி முடிச்சாங்க. 1858ல ஸ்னோ செத்தும் போயிட்டார். பம்பு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன், ஒருத்தர் அதுல சைக்கிளைச் சாத்திட்டுப் போனார்.

நாள் 2 – கிரீனிச்

கால் வலி, சின்னதாதான் எழுதப் போறேன்.

மலை மேல ராயல் அப்சர்வேட்டரி. உள்ள ஜான் ஹாரிசனோட நாலு கடிகாரம். கடல்ல கப்பல் கிழக்கு மேற்கா எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும்னா கிளம்பின ஊர்ல இப்போ மணி என்னன்னு தெரியணும், ஆடுற கப்பல்ல அந்த நேரத்தைக் காட்ட ஒரு கடிகாரமும் இல்ல. 1714ல பார்லிமென்ட் 20,000 பவுண்டு பரிசு அறிவிச்சது. ஹாரிசன் தச்சர். முதல் கடிகாரம் 1735, ரெண்டாவதுல அவரே ஒரு குறை கண்டுபிடிச்சுக் கடலுக்கே அனுப்பல, மூணாவதுக்கு 19 வருஷம். அப்புறம் திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு கை அகலத்துல ஒரு பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி நாலாவதைச் செஞ்சார், அதுதான் ஜெயிச்சது. மூணாவது முன்னாடி நின்னப்போதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 19 வருஷம்ங்க. ஆனா வீண் இல்ல, வெப்பம் கூடினாலும் குறைஞ்சாலும் சமாளிக்க அவர் அதுக்காகக் கண்டுபிடிச்ச ரெட்டை உலோகப் பட்டை பின்னாடி தெர்மோஸ்டாட்ல வந்துச்சு, கூண்டுக்குள்ள உருளுற பேரிங்கும் அதுலதான் பொறந்துச்சு.

முதல் மூணு இன்னும் ஓடுது, நாலாவதை ஓட விடாம வெச்சிருக்காங்க, தேஞ்சிடும்னு.

1761ல அவர் பையன் வில்லியம் அதை எடுத்துக்கிட்டு ஜமைக்கா போனார், 81 நாள், 5 செகண்டு வித்தியாசம். பரிசு கொடுத்துட்டாங்களா? இல்ல. தற்செயலா சரியா இருந்திருக்கலாம்னு சொன்னாங்க, 1764ல திரும்ப பார்படாஸுக்கு அனுப்பினாங்க, அங்கயும் பாஸ். அப்பவும் பாதிதான் கொடுப்போம், மீதி வேணும்னா எப்படிச் செஞ்சேன்னு எல்லாருக்கும் காட்டு, வேற ஒருத்தர் அதைப் பாத்து இன்னொண்ணு செய்ய முடியணும்னு சட்டமே போட்டாங்க. இந்தக் கதையில பரிசு யாருக்குன்னு முடிவு பண்ற அந்த போர்டுக்காரங்கதான் வில்லன், நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். இன்னிக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னு யோசிச்சா, கேட்ட விதம் கேவலமா இருக்கலாம், கேட்ட கேள்வி நியாயமானது. ஒரு மேதை ஆறு வருஷத்துல ஒரே ஒரு வாட்ச் செஞ்சா கப்பல் படைக்கு என்ன லாபம்? லார்க்கம் கெண்டால் அதே மாதிரி ஒண்ணு செஞ்சார், 1772ல கேப்டன் குக் அதை எடுத்துட்டுப் போய் மெச்சிட்டு வந்தார். ஆனா சாதாரணக் கப்பல்காரனும் வாங்குற மாதிரி ஆனது அதுக்கு ரொம்ப அப்புறம், அர்னால்டு, எர்ன்ஷான்னு ரெண்டு பேர் உள்ள இருக்கிறதை எளிமையாக்கினப்புறம்தான். ஹாரிசனுக்கு மீதிப் பணத்துல பெரும்பகுதி கிடைக்கும்போது வயசு 80.

நாள் 3 – ஹார்பெண்டன்

நேத்து எழுதினதுல ஒரு திருத்தம், நாலு கடிகாரமும் பரிசுக்காகன்னு படிக்கிறவங்க நெனச்சுக்கலாம், மூணாவது நாலாவது செய்யும்போதெல்லாம் போர்டு அவருக்கு அப்பப்போ செலவுக்குப் பணம் கொடுத்துட்டேதான் இருந்தாங்க. அவங்களை ஒரேயடியா திட்ட வேணாம்.

இன்னிக்கு செயின்ட் பேங்க்ராஸ்ல ரயில் ஏறி ஹார்பெண்டன். பார்க்க ஒண்ணுமே இல்லாத இடத்துக்குப் போய் நாள் பூரா நின்னேன்னா வீட்டுல சிரிப்பாங்க. ரோதம்ஸ்டெட்னு ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்க ப்ராட்பால்க்னு ஒரு கோதுமை வயல். 1843 இலையுதிர் காலத்துல விதைச்சது, அன்னையில இருந்து இன்னிக்கு வரைக்கும் அதே வயல், அதே சோதனை. வயலுக்குள்ள கண்டபடி நுழைய முடியாது, பொதுப் பாதையில நின்னு எட்டிப் பாக்கலாம். பட்டை பட்டையா பிரிச்சிருக்காங்க, ஒண்ணுக்கு சாணி எரு, ஒண்ணுக்கு நைட்ரஜன், ஒண்ணுக்கு பாஸ்பேட் சேத்து, இப்படி. அதுல ஒரு பட்டைக்கு 1843ல இருந்து எதுவுமே போடல. அது மட்டும் குட்டையா, வெளுத்துப்போய், பசியில வாடின புள்ள மாதிரி நிக்குது. ஆனாலும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கொடுத்துக்கிட்டேதான் இருக்கு.

ஆரம்பிச்சவர் ஜான் பென்னட் லாஸ், உர வியாபாரி. 1842ல சூப்பர் பாஸ்பேட்டுக்கு பேட்டன்ட் வாங்கி ஃபேக்டரி வெச்சவர். தன் உரத்தைத் தானே சோதிக்கிறார்னா நம்ம ஆளுங்க உடனே புருவத்தைத் தூக்குவோம், சரிதான். ஆனா அவர் கூட கில்பர்ட்னு ஒரு வேதியியல்காரரைச் சேத்துக்கிட்டார், ரெண்டு பேரும் 57 வருஷம் ஒண்ணா வேலை செஞ்சாங்க, கோதுமைக்கு பாஸ்பேட் மட்டும் போட்டா பத்தாது, நைட்ரஜன் கட்டாயம் வேணும்னு இந்த வயல் சொன்னப்போ அதை அப்படியே வெளியிட்டாங்க, அவர் விக்கிறது பாஸ்பேட்! கடைசியில 1,00,000 பவுண்டு எழுதி வெச்சு அறக்கட்டளை ஆக்கிட்டுப் போனார். மூணு வருஷத்துக்கு மேல ஒரு ப்ராஜெக்ட் ஓடி நான் பாத்ததில்ல, அதனால 57 வருஷம்ங்கிறது எனக்கு ஏதோ புராணம் மாதிரி இருக்கு.

இங்க எனக்குப் பிடிச்சது வயல் இல்ல, பாட்டில். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கோதுமை, வைக்கோல், மண் எடுத்து பாட்டில்ல அடைச்சு சீல் வெச்சுட்டே வந்திருக்காங்க, இப்போ 3 லட்சத்துக்கு மேல சாம்பிள். எதுக்குன்னு கேட்டா அன்னிக்கு அவங்களுக்கே பதில் தெரிஞ்சிருக்காது. டிஎன்ஏன்னு ஒரு வார்த்தையே இல்லாத காலம். ஆனா 2005ல அந்தப் பழைய கோதுமையில இருந்து பூஞ்சை டிஎன்ஏவைப் பிரிச்சுப் பாத்து, கோதுமையைத் தாக்குற ரெண்டு பூஞ்சையில எது ஜாஸ்தி எது கம்மிங்கிறது காத்துல கலந்த கந்தக டை ஆக்சைடு ஏறி இறங்கினதுக்குத் தக்கபடி 160 வருஷமா மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நாங்க என்ன செய்யுறோம், ப்ராஜெக்ட் முடிஞ்ச மூணாவது மாசம் அலமாரியைக் காலி பண்ணு, ஹார்டு டிஸ்க் யாருக்காவது வேணுமான்னு மெயில்.

ரொனால்டு ஃபிஷர்னு ஒரு புள்ளியியல்காரர் 1919ல இங்கதான் வேலைக்குச் சேந்தார், குவிஞ்சு கிடந்த பழைய கணக்கை எல்லாம் கிளறிப் பாக்குறதுக்காக. வயலோட விளைச்சல் மெதுவா மாறினதுக்கு ஒரு காரணமா அவர் களையைச் சொன்னார், களை ஏன் கூடிச்சுன்னா 1876ல கல்விச் சட்டம் வந்து, களை பறிச்சிட்டு இருந்த சின்னப் பசங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க! உர சோதனையோட எந்தப் பத்தியிலயும் அந்தப் பசங்க கிடையாது. இதைப் படிச்சப்போ சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு, காரணம் அப்போ புரியல.

சோதனை முடிஞ்சப்புறம் புள்ளியியல்காரரைக் கூப்பிடுறது போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்ற மாதிரின்னு இவர் 1938ல சொன்னது ரொம்பப் பிரபலம், அந்த போஸ்ட்மார்ட்டம்தான் என் சம்பளம். டீ கதையும் இங்கதான், பாலை முதல்ல ஊத்தினாங்களா பின்னாடி ஊத்தினாங்களான்னு ருசிச்சே சொல்வேன்னு முரியல் ப்ரிஸ்டல்னு கூட வேலை பாத்தவங்க சொல்ல, நாலுல பால் முதல்ல, நாலுல பின்னாடின்னு எட்டு கப் வெச்சு சோதிச்சது, குருட்டாம்போக்குல எட்டும் சரியா சொல்ல 70ல ஒரு வாய்ப்பு. இவ்வளவு புத்திசாலி மனுஷன் வயசான காலத்துல சிகரெட்டால புற்றுநோய் வரும்னு நிரூபணமாகலைன்னு கடைசி வரைக்கும் சண்டை போட்டார், சிகரெட் கம்பெனிகளுக்கு ஆலோசகராவும் இருந்தார். உர வியாபாரி நேர்மையா இருந்த அதே ஊர்ல வேலை பாத்தவர்.

நாள் 4 – லண்டன் கோல்னி

செயின்ட் ஆல்பன்ஸ்ல இருந்து பஸ். பேரு லண்டன் கோல்னி, ஆனா லண்டன் இல்ல. டி ஹாவிலாண்ட் விமான மியூசியம். வயசான தன்னார்வலர்கள்தான் நடத்துறாங்க, ஒருத்தர் என்னைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் விடல, நல்லவேளை விடல.

அங்க காமெட் 1ஏ விமானத்தோட உடம்பு இருக்கு, இறக்கை இல்லாம. உலகத்தோட முதல் ஜெட் பயணிகள் விமானம், 1952 மே 2 பயணிகளோட முதல் பயணம். 1954 ஜனவரி 10 ஒண்ணு எல்பா தீவு பக்கத்துல நடுவானத்துல பிளந்து விழுந்துச்சு, 35 பேர். உடனே எல்லா காமெட்டையும் நிறுத்திட்டாங்க. ஏன் விழுந்துச்சுன்னு தெரியல, அதனால காரணமா இருக்கலாம்னு தோணின எல்லாத்தையும், அறுபது மாற்றம்கிட்ட செஞ்சு மார்ச் 23 திரும்பப் பறக்க விட்டாங்க. ஏப்ரல் 8 இன்னொண்ணு விழுந்துச்சு, 21 பேர்.

இதைத் திரும்பத் திரும்ப யோசிச்சிட்டு இருக்கேன். அறுபது மாற்றம். சும்மா இருக்கலையே அவங்க, ராப்பகலா வேலை செஞ்சிருக்காங்க. எங்க ஆப்புக்கும் அப்படித்தான், பெருசா போனதும் படுத்துடுச்சுன்னு தெரிஞ்சு பட்டன் கலரை மாத்தினோம், எழுத்தைப் பெருசாக்கினோம், குரல் செய்தி சேத்தோம், ஒரு பட்டியலே இருக்கு.

அப்புறம்தான் ஃபார்ன்பரோவுல இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்துல ஒரு முழு விமானத்தையே பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு, உள்ளயும் தண்ணி நிரப்பி, ஒவ்வொரு பயணத்துலயும் அழுத்தம் ஏறி இறங்குற மாதிரி திரும்பத் திரும்ப ஏத்தி இறக்கினாங்க. காத்துல செஞ்சா வெடிகுண்டு மாதிரி சிதறிடும், அதனால தண்ணி. நிஜத்துல பறந்தது, தொட்டியில பறந்தது எல்லாம் சேத்து 3,057 தடவையில ஒரு ஜன்னல் மூலையில கிழிஞ்சுது. உலோக சோர்வு. சதுர ஜன்னல்தான் காரணம்னு எல்லாரும் சொல்வாங்க, அந்தத் தாத்தா அதுக்கே கோவப்பட்டார். மூலை வளைவாத்தான் இருந்துச்சு பாருங்கன்னு தடவிக் காட்டினார், எல்பாவுல விழுந்ததுல விரிசல் ஆரம்பிச்சது பயணிங்க ஜன்னல்ல இல்ல, கூரையில ஆன்டெனாவுக்கு வெட்டின துவாரத்துல.

என்னை உலுக்கினது வேற. காமெட்டைச் செஞ்ச டி ஹாவிலாண்ட் கம்பெனி முன்னாடியே இதே சோதனையைச் செஞ்சிருக்காங்க! 16,000 தடவைக்கு மேல தாங்குச்சு. அப்புறம் எப்படி நிஜ விமானம் அதுல கால் பங்கு கூடத் தாங்கல? சோதனைக்கு எடுத்த அந்தத் துண்டை அதுக்கு முன்னாடி வேற ஒரு சோதனையில வழக்கமா வர்றதைப் போல ரெண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துப் பாத்திருந்தாங்க. அப்படி ஒரு தடவை இழுத்து விட்டா ஜன்னல் மூலையில இருக்கிற உலோகம் கொஞ்சம் நெகிழ்ந்து, இறுகிப்போய், அப்புறம் வர்ற சின்னச் சின்ன அழுத்தத்தை ரொம்ப நாள் தாங்கும். பலமான்னு பாக்கப்போய் அதைப் பலமாக்கிட்டாங்க, யாரும் ஏமாத்தல, அந்தத் துண்டு மிச்சம் இருந்துச்சு, எடுத்துப் பயன்படுத்தினாங்க, அவ்வளவுதான். ஆனா பயணிங்க ஏறினது அப்படி இழுத்து விடாத விமானத்துல.

பஸ்ல திரும்பும்போது ஹார்பெண்டன்ல என் சிரிப்பு ஏன் நின்னுச்சுன்னு புரிஞ்சிடுச்சு. எங்க 40 பேர் சோதனையில ஒரு அக்கா இருந்தாங்க. களப் பணியாளர். ஆப்ல இருந்து டேட்டா வருதா இல்லையான்னு சரிபாக்க தினம் சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணுவாங்க. டேட்டாவுக்காக மட்டும்தான், சிகிச்சையில அது சேத்தி இல்ல. ரிப்போர்ட்ல அவங்க பேரு இல்ல, "தரக் கண்காணிப்பு"ன்னு ஒரு வரி இருக்கு, எழுதினது நான். பெருசா எடுத்துட்டுப் போகும்போது அந்த வரியைச் செலவுன்னு வெட்டிட்டாங்க. வெட்டலாம்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்.

நாள் 5 – ஆக்ஸ்ஃபோர்ட்

தூக்கம் சரியில்ல. மழை.

ப்ராட் ஸ்ட்ரீட்டுன்னு இங்கயும் ஒண்ணு. அறிவியல் வரலாற்று மியூசியம் அங்கதான், ஐன்ஸ்டைன் எழுதின கரும்பலகை முன்னாடி கூட்டம். நான் தேடிப் போனது ஒரு பீங்கான் பாத்திரம், பெனிசிலின் பூஞ்சையை வளர்த்தது. ஃப்ளெமிங் 1928ல பூஞ்சையைப் பாத்தார், 1929ல எழுதினார், அதோட பத்து வருஷம் கிட்டத்தட்ட அப்படியே கிடந்துச்சு. ஃப்ளோரி, செயின், ஹீட்லி, இங்க இருந்த குழுதான் அதை மருந்தாக்கினது. 1940 மே 25, எட்டு எலிக்குக் கிருமியை ஊசி போட்டாங்க, நாலுக்கு மட்டும் பெனிசிலின். நார்மன் ஹீட்லி ராத்திரி பூரா உக்காந்து பாத்துட்டு விடிகாலையில வீட்டுக்குப் போனார், மருந்து கொடுக்காத நாலும் செத்துப்போச்சு, கொடுத்தது நாலும் இருந்துச்சு.

சண்டைக் காலம், சாமான் கிடைக்காது. ஆஸ்பத்திரி பெட்பேன்லதான் பூஞ்சை வளர்த்தாங்க. பிரிச்செடுக்குற கருவியை, லைப்ரரி வேண்டாம்னு தூக்கிப் போட்ட புத்தக அலமாரியில ஹீட்லி கட்டினார். அப்புறம் அந்தப் பெட்பேன் மாதிரியே ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற மாதிரி பீங்கான்ல வடிவமைச்சுக் கொடுத்ததும் அவர்தான். ஆறு பெண்கள் தினம் அதுல திரவத்தை நிரப்பி எடுத்தாங்க.

1941 பிப்ரவரியில ஆல்பர்ட் அலெக்சாண்டர்னு ஒரு போலீஸ்காரர், முகமெல்லாம் சீழ் பிடிச்சு ஒரு கண்ணு போயாச்சு. ஊசி போட்டதும் தேற ஆரம்பிச்சார். மருந்து பத்தல. அவர் சிறுநீரைச் சேகரிச்சு சைக்கிள்ல லேபுக்கு எடுத்துட்டுப் போய் அதுல இருந்து பெனிசிலினைத் திரும்பப் பிரிச்சு திரும்பப் போட்டாங்க. அப்படியும் தீந்துபோச்சு. மார்ச் 15 இறந்துட்டார். மருந்து தோக்கல, அளவு தோத்துச்சு, அதனால அடுத்து குழந்தைங்களுக்குக் கொடுத்துப் பாத்தாங்க, சின்ன உடம்புக்குக் கொஞ்சம் போதும்னு.

ஹை ஸ்ட்ரீட்ல தாவரவியல் தோட்டத்துக்கு முன்னாடி ஒரு ரோஜாத் தோட்டம், நடுவுல ஒரு கல்லு, பெனிசிலின் குழுவுக்காக வெச்சது. அந்தப் போலீஸ்காரருக்கு ரோஜா முள் கீறித்தான் புண்ணு வந்துச்சுன்னு கதை, குண்டு வீச்சுல பட்ட காயம்னு இப்போ சொல்றாங்க. எப்படியோ, மழையில ரோஜா எல்லாம் தலை குனிஞ்சு நின்னுச்சு. 1945 நோபல் ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூணு பேருக்கு. ஹீட்லிக்கு இல்ல. 1990ல இந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்துச்சு, டாக்டருக்குப் படிக்காத ஒருத்தருக்கு 800 வருஷத்துல முதல் தடவை. பெட்பேன், அலமாரி, சைக்கிள், இதெல்லாம் அறிக்கையில எந்தத் தலைப்புல வரும்னு யோசிச்சா எனக்கு "தளவாடங்கள்"னுதான் தோணுது, கை பழகிடுச்சு.

நாள் 6 – போர்ட்செஸ்டர்

கடைசி ஊர். போர்ட்ஸ்மத் பக்கத்துல, கடலோரம் ரோமானியர் கட்டின கோட்டை, மதில் இன்னும் முழுசா நிக்குது, உள்ள ஒரு பழைய சர்ச். ஜேம்ஸ் லிண்டைப் புதைச்சது இங்க. கூட்டமே இல்ல, ஒருத்தர் நாயைக் கூட்டிட்டு நடந்தார், அவ்வளவுதான்.

1747 மே, சாலிஸ்பரின்னு ஒரு போர்க்கப்பல். மாலுமிங்களுக்கு ஈறு அழுகி, பழைய காயமெல்லாம் திரும்பத் திறந்துக்குற ஸ்கர்வி நோய். கப்பல் டாக்டர் லிண்ட் 12 பேரை எடுத்து ரெண்டு ரெண்டு பேரா ஆறு ஜோடியா பிரிச்சார். எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு. ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒண்ணுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒண்ணுக்கு வினிகர், ஒண்ணுக்கு கடல் தண்ணி, ஒண்ணுக்கு ஏதோ மசாலா லேகியம், ஒண்ணுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் ஆறே நாள்ல தீந்துபோச்சு, அதுக்குள்ள அந்த ஜோடியில ஒருத்தர் வேலைக்குத் திரும்பிட்டார். தெளிவான முடிவு, வேற என்ன வேணும்?

ஆனா கடற்படை மாலுமிங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது 1795ல. 48 வருஷம். அதிகாரிங்களைத் திட்டலாம்தான், ஆனா லிண்டோட புத்தகம் 1753ல வந்துச்சு, நானூறு பக்கத்துக்கு மேல, அதுல இந்தச் சோதனை சில பக்கம்தான், அதுவும் நடுவுல. அவருக்கே நம்பிக்கை முழுசா இல்ல, ஈரக் காத்து உடம்புல வேர்வைத் துவாரத்தை அடைக்கிறதுதான் மூலகாரணம்னு நெனச்சார். அதைவிட, பழம் கெட்டுப்போகாம கொண்டு போகணும்னு சாறை மெல்லக் காய்ச்சிக் குறுக்கிப் பாகு மாதிரி செய்யச் சொன்னார். காய்ச்சினா வைட்டமின் சி போயிடும். அப்போ வைட்டமின்னு ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாது. அவர் சோதிச்சது பழம், ஊருக்குச் சொன்னது பாகு.

நிஜமான சோகம் அதுக்கு அப்புறம்தான். 1795க்கு அப்புறம் கடற்படையில ஸ்கர்வி ஏறக்குறைய ஒழிஞ்சுது. 1860கள்ல எலுமிச்சைக்குப் பதிலா மேற்கிந்தியத் தீவுல விளையுற லைம்னு இன்னொரு வகைக்கு மாறினாங்க, அது அவங்க காலனியிலயே கிடைக்கும். எலுமிச்சையை விட புளிப்பு ஜாஸ்தி, புளிப்புதான மருந்துன்னு நெனச்சாங்க. அதுல வைட்டமின் சி எலுமிச்சையில கால்வாசிதான், அதையும் காத்துல விட்டு, செம்புக் குழாய் வழியா அனுப்பி, இருந்ததையும் அழிச்சுட்டாங்க. யாரும் கவனிக்கல. ஏன்னா அதுக்குள்ள நீராவிக் கப்பல் வந்து பயணமே சின்னதாயிடுச்சு, ஸ்கர்வி வர்றதுக்குள்ள கரை வந்துடும். மாலுமியைக் காப்பாத்தினது இன்ஜின், பேரு வாங்கினது லைம். 1875ல ஆர்க்டிக் போன குழு, லைம் சாறு எல்லாம் ஒழுங்கா எடுத்துட்டுப் போயும் ஸ்கர்வியில விழுந்துச்சு. அப்புறம் என்ன, எலுமிச்சையே மருந்து இல்லைன்னு முடிவு கட்டினாங்க, கெட்டுப்போன டின் மாமிசம்தான் காரணம்னு பெரிய டாக்டருங்க எல்லாம் நம்பினாங்க. கையில இருந்ததைத் தொலைச்சாச்சு. 1907ல நார்வேயில ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக்னு ரெண்டு பேர் வேற ஒரு நோயைத் தேடி கினிப் பன்னிக்கு தானியம் மட்டும் போட, அதுக்கு ஸ்கர்வி வந்துச்சு. அதிர்ஷ்டம்தான், பெரும்பாலான மிருகம் வைட்டமின் சியைத் தானே தயாரிச்சுக்கும், கினிப் பன்னிக்கு முடியாது. அவங்க எலியை எடுத்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

சர்ச்சுல லிண்டுக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு. அதுக்கு முன்னாடி உக்காந்து, எங்க ஆப்பும் லைம்தான்னு எனக்குத் தோணின உடனே எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். கோட்டை மதில் ஓரத்துல டவர் கிடைச்சுது. அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் பேசுறேன், அவங்களுக்கு அங்க சாயங்காலம்.

"அக்கா, அந்த மாத்திரை ப்ராஜெக்ட்ல தினம் போன் பண்ணுவீங்களே, என்ன பேசுவீங்க?"

"என்ன தம்பி திடீர்னு? டேட்டா வரலைன்னா போனை ஆன் பண்ணுங்கன்னு சொல்வேன்."

"வந்திருந்தா?"

"வந்திருந்தா என்ன, சும்மா பேசுறதுதான். ஒருத்தருக்கு மாத்திரை போட்டா வாந்தி வரும், வெறும் வயித்துல போடாதீங்கன்னு சொல்வேன். ஒரு பொண்ணு மாமியாருக்குத் தெரியாம போடும், அது கூட மெதுவா பேசணும். ஒரு பெரியவருக்கு ஆப் திறக்கவே தெரியாது, நான் போன் பண்ணினாதான் மாத்திரை ஞாபகம் வரும், அப்புறம் பேரன் வந்து பட்டனை அமுக்குவான்."

"அப்போ ஆப்ல அவர் தினம் சரியா போட்டதா வருமே?"

"அவர் போட்டாருல்ல தம்பி, அது நிஜம்தான்?"

எனக்குப் பதில் வரல. கடல் பக்கம் இருந்து காத்து வேற, அவங்களுக்கு நான் பேசுறது கேக்கலைன்னு நெனச்சு ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னாங்க.

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சீங்களாக்கா?"

"நோட்டு இருக்கு. யாரும் கேக்கல, அதனால வீட்டுலயே இருக்கு. ஆனா பின்னாடி பக்கமெல்லாம் என் பொண்ணு கணக்கு போட்டுப் பாத்திருக்கா, பரவாயில்லையா?"

பரவாயில்லக்கா, கிழிச்சுடாதீங்க, அப்படியே வெச்சிருங்கன்னு சொல்லிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். நாளைக்கு ஃப்ளைட்.